கருப்பைச் சதை வளர்ச்சி: மறைத்தலும் வேண்டா, பதறலும் வேண்டா

(சங்க ஆண்டு விழாவின் மாதர் அரங்கில் ஆற்றிய சொற்பொழிவு)



ஆண்டு விழா என்றால் பாட்டும் நாடகமும் பட்டிமன்றமும் நிறைந்திருப்பதே நம் சங்கத்தின் வழக்கம். அவற்றோடு மாதர் நலம் பற்றியும் ஒரு சொற்பொழிவு இருத்தல் வேண்டுமெனச் செயற்குழுவினர் விரும்பி, அப்பொறுப்பை நம்மிடம் ஒப்படைத்தனர். நாம் மருத்துவர் அல்லோம். பத்தாம் வகுப்புத் தேறி, ரயில்வே அலுவலகத்தில் ஏடுகளோடும் கணக்குகளோடும் காலங்கழிக்கும் எழுத்தர். அதிலும் ஆடவர். பெண்களின் கருப்பையில் தோன்றும் ஒரு நோயைப் பற்றி இத்தகையவர் பேசுதல் முறையோ என்று சிலர் எண்ணக்கூடும். அவ்வெண்ணத்துக்கு முதலில் விடை கூறிவிட்டு மேற்செல்வோம்.

வள்ளுவப் பெருந்தகை மருந்து என்னும் அதிகாரத்தில் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்துக் காட்டுகிறார். நோயுற்றவர், தீர்க்கும் மருத்துவர், மருந்து ஆகிய மூன்றோடு, நோயாளியின் அருகிருந்து வேண்டுவன செய்பவரையும் நான்காவது கூறாக அவர் வைக்கிறார். இந்த நான்காவது இடம் யாருடையது? கொல்கத்தாவில் வாழும் நம்மவர் குடும்பங்கள் பலவற்றில் மருத்துவ அட்டையைப் பத்திரப்படுத்தி வைத்திருப்பவர் கணவர். விடுப்பெடுத்து உடன் செல்பவர் கணவர். மருத்துவரிடம் வங்காளத்திலோ இந்தியிலோ எடுத்துரைப்பவர் கணவர் அல்லது வளர்ந்த மகன். ஊரில் இருந்தால் தாயிடமும் தமக்கையிடமும் அத்தையிடமும் மனம் விட்டுச் சொல்லக்கூடியதை, ஆயிரம் மைல் கடந்து வந்த நம் பெண்கள் யாரிடம் சொல்வர்? மகன் காதில் விழச் சொல்ல நாணி எத்தனை தாய்மார் 'தலைச்சுற்றல்' என்று மட்டும் கூறி இரும்புச்சத்து மாத்திரையோடு வீடு திரும்புகின்றனர்! ஆதலின் இச்செய்தியை ஆடவரும் அறிந்திருத்தல் கடமை எனத் துணிந்தே இங்கு நிற்கின்றோம்.

இனிச் செய்திக்கு வருவோம். கருப்பையின் உட்புறம் மெல்லிய படலம் ஒன்று உண்டு. சினைப்பையில் சுரக்கும் ஈஸ்ட்ரஜன் என்னும் இயக்குநீரின் தூண்டுதலால் அது மாதந்தோறும் தடித்து வளர்ந்து, கரு தங்காதபோது உதிரமாக வெளியேறுகிறது. இதுவே மாதவிடாய். சிலருக்கு அப்படலத்தின் ஒரு சிறு பகுதி மட்டும் அளவுக்கு மீறி வளர்ந்து, காம்பில் தொங்கும் காய் போலவோ, அகன்ற அடியுடைய மேடு போலவோ கருப்பையின் உள்வெளியில் நீண்டு நிற்கும். இதனையே மருத்துவர் பாலிப் என்கின்றனர். சதை வளர்ச்சி என்று நாம் தமிழில் கூறலாம். எள்ளளவாய் இருப்பதும் உண்டு. சிறு எலுமிச்சையளவு வளர்வதும் உண்டு. ஒன்றாகவும் இருக்கலாம், பலவாகவும் இருக்கலாம். நார்க்கட்டி என்பது வேறு. அது கருப்பையின் தசைச் சுவரில் தோன்றுவது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதிக் குழம்புவோர் பலர்.

இது யாருக்கு வரும்? மாதவிடாய் தொடங்கிய பின் எவ்வயதிலும் வரலாம் எனினும், நாற்பதிலும் ஐம்பதிலும் உள்ளவர்களிடமே மிகுதியாகக் காணப்படுகிறது. உடற்பருமன் உடையோர்க்கும், இரத்த அழுத்தம் உடையோர்க்கும் வாய்ப்பு அதிகம். உடற்கொழுப்பிலும் ஈஸ்ட்ரஜன் உண்டாவதே பருமனை ஒரு காரணமாகக் கூறுவதற்கு அடிப்படை. மார்பகப் புற்றுநோய்க்காகத் தமாக்சிஃபென் என்னும் மாத்திரை உட்கொள்வோர்க்கும் இது தோன்றலாம். அத்தகையோர் அச்சங்கொண்டு மாத்திரையைத் தாமாக நிறுத்துதல் கூடாது. உதிரப்போக்கு கண்டவுடன் மருத்துவரிடம் கூறுதலே செயற்பாலது. உடற்சூட்டால் வந்தது, உணவால் வந்தது, கண்ணேறு பட்டதால் வந்தது என்று கூறப்படும் காரணங்களுக்கு ஆதாரம் யாதுமில்லை. ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றும் நோயும் அன்று இது.

நோயின் குறிகள் யாவை? சிலருக்கு எக்குறியும் தோன்றாது. வேறு காரணத்துக்காக ஸ்கேன் எடுக்கும்போது தற்செயலாகத் தெரியவரும். குறி தோன்றுவோர்க்கு முதன்மையான குறி உதிரப்போக்கே. மாதவிடாய் ஏழு நாளுக்கு மேல் நீடித்தல், கட்டி கட்டியாகப் போதல், ஒரு மணிக்கும் இரண்டு மணிக்கும் ஒருமுறை துணி மாற்ற வேண்டியிருத்தல், இரு மாதவிடாய்க்கு இடைப்பட்ட நாட்களில் கறை படுதல், தாம்பத்திய உறவுக்குப் பின் உதிரம் காணல், இவையெல்லாம் கவனிக்கத் தக்கவை. இவை அனைத்தினும் முக்கியமானது ஒன்றுண்டு. மாதவிடாய் நின்று பன்னிரண்டு மாதங்கள் கழிந்தபின் ஒரு துளி உதிரம் கண்டாலும் அது இயற்கை அன்று. ஒருமுறை கண்டு நின்றுவிட்டாலும் மருத்துவரைக் கண்டே தீர வேண்டும். தாய்மார்கள் இந்த ஒன்றையாவது மனத்திற் பதித்துக்கொண்டு செல்வார்களானால் இவ்வுரை பயன்பட்டதென மகிழ்வோம்.

மிகுந்த உதிரப்போக்கைப் 'பெரும்பாடு' என்று நம் முன்னோர் அழைத்தனர். பெயரிலேயே அதன் துன்பம் விளங்கும். ஆயினும் பெண்ணாய்ப் பிறந்தால் இப்பாடு படத்தான் வேண்டும் என்று பொறுத்துக்கொள்வதே வழக்கமாகிவிட்டது. விளைவு யாது? 2019 முதல் 2021 வரை நடைபெற்ற ஐந்தாம் தேசிய குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் இரத்தசோகை உடையோர் இந்தியாவில் 100-க்கு 57 பேர். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 53 பேர். நாம் வாழும் மேற்கு வங்காளத்தில் ஏறத்தாழ 71 பேர். உணவுக் குறை முதலிய பல காரணங்கள் இதற்கு உண்டு. எனினும் மாதந்தோறும் அளவுக்கு மீறி உதிரம் போய்க்கொண்டிருக்கும்போது, மாத்திரை மட்டும் கொடுத்து இரத்தத்தைப் பெருக்க முயல்வது ஓட்டைத் தொட்டியில் நீர் நிரப்புவது போலாகும். ஓட்டை எங்கே என்று பார்க்க வேண்டாவோ?

நம் குடியிருப்பில் முதிய அம்மையார் ஒருவர் இருந்தார். மாதவிடாய் நின்று ஆறாண்டுகளுக்குப் பின் அவருக்குச் சிறிது கறை கண்டது. பேரன் பேத்தி எடுத்த வயதில் இதை யாரிடம் சொல்வது என்று நாணி, துணியைத் தாமே துவைத்து, மாடியில் காயவைக்காமல் குளியலறையிலேயே உலர்த்திக்கொண்டு நான்கு திங்கள் கழித்தார். மருமகள் ஒருநாள் கண்டுகொண்டாள். அவள் வற்புறுத்தி அழைத்துச் சென்ற பின்னரே கருப்பையில் சதை வளர்ச்சி உளதெனத் தெரிந்தது. அதனை எடுத்துச் சோதித்ததில் தீங்கற்றதென முடிவு வந்தது. அவர் நல்வாய்ப்புப் பெற்றவர். நோயின் துன்பத்தைவிட அந்நான்கு திங்களும் 'புற்றோ, புற்றோ' என்று உறக்கமின்றித் தனியே அஞ்சிக் கிடந்த துன்பமே பெரிதென அவரே பின்னர் மருமகளிடம் கூறினாராம்.

புற்றாக இருக்குமோ என்னும் அச்சம் எல்லோர்க்கும் எழுவது இயல்பு. உண்மை நிலை இதுதான்: கருப்பைச் சதை வளர்ச்சிகளில் மிகப் பெரும்பாலானவை தீங்கற்றவை. மாதவிடாய் நிற்காத பெண்களிடம் 100-க்கு ஒன்றிரண்டும், நின்றவர்களிடம் ஏறத்தாழ ஐந்தும் புற்றாகவோ, புற்றுக்கு முந்திய நிலையாகவோ இருக்கக்கூடும் என்று ஆராய்ச்சிகள் கூறுகின்றன. ஆகவே, ஐயப்பட்டு நடுங்க வேண்டியதில்லை. ஐயந்தீராமல் இருந்துவிடவும் கூடாது.

ஐயத்தைத் தீர்க்கும் வழி யாது? முதற்படி ஸ்கேன். வயிற்றின் மேல் வைத்து எடுப்பதைவிட, மணமான பெண்களுக்குப் பிறப்புறுப்பு வழியாக எடுக்கும் ஸ்கேன் தெளிவாகக் காட்டும். மாதவிடாய் தொடங்கிய நாளிலிருந்து பத்து நாளுக்குள், உதிரம் நின்றபின் எடுத்தல் நலம். பிற்பகுதியில் படலம் இயல்பாகவே தடித்திருக்குமாதலின் சதை வளர்ச்சி மறைந்துவிடக்கூடும். சில வேளைகளில் கருப்பைக்குள் உப்புநீரைச் சிறிது செலுத்தி ஸ்கேன் எடுப்பர். இவற்றினும் மேலானது ஹிஸ்டெரோஸ்கோப்பி. சில மில்லிமீட்டர் கனமுள்ள குழாயொன்றில் விளக்கும் காமிராவும் பொருத்தி, பிறப்புறுப்பு வழியே கருப்பைக்குள் செலுத்தி, உள்ளிருப்பதைத் திரையில் நேரே காண்பது இது. வயிற்றில் கத்தி படுவதில்லை, தையலும் இல்லை.

இம்முறை நேற்றுத் தோன்றியதன்று. பந்தலெயோனி என்னும் இத்தாலிய மருத்துவர் 1869-ஆம் ஆண்டிலேயே, எம்மருந்துக்கும் நிற்காத உதிரப்போக்கால் வருந்திய அறுபது வயது மூதாட்டி ஒருவரின் கருப்பைக்குள் விளக்குடைய குழாயைச் செலுத்திப் பார்த்தார். அங்கே அவர் கண்டது ஒரு சதை வளர்ச்சியே! அதனை வெள்ளிக் காரத்தால் சுட்டுத் தீர்த்தார். கருப்பைக்குள் நேரே நோக்கிய முதல் நிகழ்ச்சி என்று மருத்துவ வரலாறு போற்றும் அந்நாளில் கண்டறியப்பட்ட நோயே இன்று நாம் பேசும் நோய்.

அடுத்து, மருத்துவ முறைகள். எல்லாச் சதை வளர்ச்சியையும் எடுத்தே ஆக வேண்டுமென்பதில்லை. மாதவிடாய் நிற்காத பெண்ணுக்கு, பத்து மில்லிமீட்டருக்குக் குறைந்ததாய், துன்பம் தராததாய் இருந்தால் மருத்துவர் சில திங்கள் பொறுத்து மீண்டும் ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம் என்பர். அத்தகைய சிறியவற்றில் ஏறத்தாழ நான்கில் ஒன்று ஓராண்டுக்குள் தானே மறைந்துவிடுவதுண்டு. உதிரப்போக்கு இருந்தாலும், பெரிதாக இருந்தாலும், மாதவிடாய் நின்றபின் உதிரம் கண்டாலும், குழந்தைப்பேறு தடைப்பட்டாலும் எடுத்துவிடுதலே தக்கது.

எடுக்கும் முறை என்ன? முற்காலத்தில் கருப்பையைச் சுரண்டி எடுப்பதே வழக்கம். 'சுத்தம் செய்தல்' என்று நம் பெண்கள் குறிப்பிடுவது அதனையே. உள்ளே பார்க்காமல் கைந்நிதானத்தால் செய்வதாதலின், காம்பில் தொங்கும் சதை அகப்படாமல் தப்பிவிடுவது மிகுதி. விளக்கில்லாமல் இருட்டில் வண்டிகளைக் கோப்பது போன்றது அது என்று நம் தொழிலை வைத்துக் கூறலாம். இப்போது ஹிஸ்டெரோஸ்கோப்பி வழியே கண்ணால் கண்டு, சிறு கத்தரியாலோ வளையத்தாலோ வேரோடு எடுக்கின்றனர். சிறியவற்றை மயக்கமருந்து இல்லாமலும், ஏனையவற்றைச் சிறிது நேர மயக்கத்திலும் எடுப்பர். பெரும்பாலோர் அன்றே வீடு திரும்புவர். இரண்டொரு நாள் அடிவயிற்றில் சிறு வலியும் சில நாட்கள் கறையும் இருக்கலாம். கருப்பைச் சுவரில் துளை விழுதல், கிருமி சேர்தல் முதலிய இடர்கள் அரியன. ஆயினும் காய்ச்சலோ கடும் வலியோ மிகுந்த உதிரப்போக்கோ கண்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். எடுத்த சதையைக் கட்டாயம் பயாப்சி சோதனைக்கு அனுப்ப வேண்டும். பார்சலின் மேலட்டையைக் கண்டு உள்ளிருக்கும் சரக்கை உறுதி செய்ய இயலுமா? திறந்து பார்த்தாலன்றோ தெரியும்? அந்த முடிவுத்தாளைக் கேட்டுப் பெற்று வீட்டில் பத்திரப்படுத்துங்கள். சிலருக்கு மீண்டும் வளர்தலும் உண்டு. அப்போது அத்தாள் பெரிதும் உதவும்.

மறைத்தலின் தீமையை இதுவரை கண்டோம். இனிப் பதறுதலின் தீமை. உதிரப்போக்கு என்றவுடன் 'குழந்தைகள்தாம் பிறந்துவிட்டனவே, கருப்பையை எடுத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது' என்று கூறுவோர் உளர். உறவினரும் கூறுவர், சில நர்சிங் ஹோம்களிலும் கூறுவர். தண்டவாளத்தில் ஓரிடத்தில் விரிசல் கண்டால் அத்துண்டை மாற்றுவோமா, பாலத்தையே இடிப்போமா? தீங்கற்ற சதை வளர்ச்சி ஒன்றுக்காக மட்டும் கருப்பையை எடுக்க வேண்டிய தேவை பெரும்பாலும் எழுவதில்லை. அது பெரிய அறுவை. அதனோடு சினைப்பைகளையும் எடுத்துவிட்டால் உரிய வயதுக்கு முன்னரே மாதவிடாய் நின்று, எலும்பு தேயும் கேடும் சேரும். பீகார், சத்தீஸ்கர், இராஜஸ்தான் முதலிய மாநிலங்களில் ஏழைப் பெண்களுக்குத் தேவையின்றிக் கருப்பைகள் அகற்றப்பட்டன என்று உச்சநீதிமன்றத்தில் தொடரப்பட்ட பொதுநல வழக்கில், 2023 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. தேவையற்ற கருப்பை அகற்றலைத் தடுக்க மத்திய அரசு 2022-இல் வகுத்த நெறிமுறைகளை எல்லா மாநிலங்களும் மூன்று திங்களுக்குள் ஏற்க வேண்டுமென நீதிமன்றம் ஆணையிட்டது. நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் வரை சென்ற செய்தியை நாம் எளிதாக எண்ணலாகாது. புற்றுநோய் உறுதியானாலோ, வேறு தக்க காரணம் இருந்தாலோ கருப்பையை எடுத்தல் உயிர்காக்கும் மருத்துவமே; அதில் தயக்கம் வேண்டா. காரணம் யாது, பயாப்சி முடிவு யாது, வேறு வழி உண்டா என்னும் மூன்று கேள்விகளையும் கேட்டு, வேண்டுமாயின் மற்றொரு மருத்துவரையும் கண்டபின் கையொப்பமிடுங்கள் என்பதே நம் வேண்டுகோள்.

குழந்தையில்லாக் குறையைப் பற்றியும் ஒரு சொல். மணமாகிச் சில ஆண்டுகள் கழிந்தும் மகப்பேறு இல்லையெனில், மருமகளின் மேல் பழி சுமத்துவது இன்னும் சில இல்லங்களில் ஓய்ந்தபாடில்லை. குறை கணவரிடத்தும் இருக்கலாம் என்பது ஒருபுறமிருக்க, கருப்பைக்குள் இருக்கும் சிறு சதை வளர்ச்சியும் தடையாகலாம். ஸ்பெயின் நாட்டில் நிகழ்ந்து 2005-இல் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்றில், செயற்கை முறையில் விந்து செலுத்திக் கருத்தரிக்க முயன்ற பெண்களில், சதை வளர்ச்சியை முன்னரே எடுத்தவர்களில் 100-க்கு 63 பேரும், எடுக்காதவர்களில் 28 பேரும் கருவுற்றனர். எல்லோர்க்கும் இவ்வாறே நிகழும் என்பதில்லை. எனினும், பழி கூறுமுன் இருவரும் சோதனை செய்துகொள்ளுதல் அறிவுடைமையன்றோ?

அன்பர்களே! நாம் வந்து வாழும் இந்நகரம் பெண்களின் மருத்துவத்துக்குப் பெருந்தொண்டு செய்த நகரம். 1835-இல் தோன்றிய கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் ஐம்பதாண்டுகள் வரை பெண்ணொருவர் பயின்று தேறியதில்லை. அத்தடையை உடைத்தவர் காதம்பினி கங்குலி அம்மையார். 1883-இல் பட்டம் பெற்று, 1886-இல் மருத்துவத்தில் தகுதி பெற்று, 1888-இல் லேடி டஃபரின் மருத்துவமனையில் பணியேற்றார். வீதிகளில் இரவு பகல் பாராது நோயாளரைக் காணச் சென்ற அவரைப் பத்திரிகை ஒன்று இழித்து எழுதியது. அவர் அஞ்சி அடங்கவில்லை. வழக்குத் தொடுத்து வென்றார். 1923-இல் தம் வாழ்வு முடியும் வரையிலும் மருத்துவத்தைக் கைவிடவில்லை. ஆண் மருத்துவரிடம் கூற நாணிய பெண்களின் துன்பத்தைக் கேட்கவே இத்துணை இகழ்ச்சியையும் அவர் தாங்கினார்.

நம்மவர் பலர் குடியிருக்கும் லேக் மார்க்கெட்டுக்கும் காளிகாட்டுக்கும் அருகே ஹாஜ்ரா முனையில் சித்தரஞ்சன் சேவாசதனம் நிற்கிறது. தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் தம் இல்லத்தையே மக்களுக்கு ஈந்துவிட்டு 1925-இல் மறைந்தார். மறுஆண்டு அவ்விடத்தில் பெண்களுக்கான மருத்துவமனை எழுந்தது. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையை எழுப்பிய செயலும் இத்தகையதே. வங்கமும் தமிழகமும் பெண்களுக்காகக் கதவைத் திறந்து வைத்துள்ளன. கதவருகே செல்ல நாம் நாணுவது முறையாகுமா?

முடிவாகச் சில நடைமுறைச் சொற்கள். ரயில்வேக் குடும்பத்தார்க்குக் கார்டன் ரீச்சிலும் சியால்தாவிலும் மருத்துவமனைகள் உள்ளன. ஏனையோர்க்கு அரசு மருத்துவமனைகள் உள்ளன. செல்லுமுன் ஒரு தாளில், மாதவிடாய் தொடங்கிய நாள், நின்ற நாள், இடையில் கறை கண்ட நாள், மாற்றிய துணிகளின் எண்ணிக்கை, உட்கொள்ளும் மருந்துகள் ஆகியவற்றை மூன்று மாதங்களுக்கு எழுதிக்கொள்ளுங்கள். எழுத்தர் தொழிலில் நாம் கற்ற ஒரே மருத்துவம் இதுதான்: தேதியிட்டு எழுதியது மறுக்கப்படுவதில்லை. ஆயினும் மூன்று மாதம் எழுதி முடிக்க வேண்டுமென்று கடும் உதிரப்போக்கோடு காத்திருக்க வேண்டா. மாதவிடாய் நின்றபின் உதிரம் கண்டவரும் காத்திருக்க வேண்டா. மாதவிடாயை வங்காளத்தில் 'மாஷிக்' என்பர். உதிரத்தை 'ரொக்தோ' என்பர். கருப்பையை 'ஜொராயு' என்பர். இம்மூன்று சொற்களைக் கற்றுக்கொண்டால் மகனை வெளியே இருத்திவிட்டுத் தாயார் தாமே மருத்துவரிடம் பேசலாம். வங்காளம் நன்கறிந்த சகோதரிகள் ஓரிருவர் உடன்செல்ல முன்வருவார்களானால், நம் சங்கத்துக்கு அதைவிடச் சிறந்த ஆண்டுப் பணி வேறில்லை.

ஆடவர்களுக்கு ஒரு விண்ணப்பம். இன்றிரவு வீடு சென்றதும், 'உடம்பு எப்படியிருக்கிறது?' என்று மனைவியிடமும் தாயிடமும் ஒருமுறை கேளுங்கள். 'ஒன்றுமில்லை' என்றே விடை வரும். அதனோடு நின்றுவிடாமல் மீண்டும் ஒருமுறை கேளுங்கள். மறைத்தலும் வேண்டா, பதறலும் வேண்டா. சொல்லுதலும், பார்த்தலும், அறிந்து செய்தலுமே வேண்டுவன.